போக்கர் பயிற்சி: ஒரு சீட்டுக்கட்டு, ஒரு நோட்டு, நாளுக்கு நாற்பது நிமிடம்

ஏஸ் ஜோடியோடு எல்லாச் சிப்பையும் நடுவே தள்ளியாகிவிட்டது. எதிரில் இருப்பவர் கால் செய்து (அதே அளவு சிப் போட்டு) காட்டுவதோ 7-2, அதுவும் வேறு வேறு சூட் (இஸ்பேட், ஆட்டின், டைமன், கிளாவர் என்ற சீட்டு இனம்). போர்டில் (நடுவே திறக்கும் பொதுச் சீட்டுகளில்) ஒரு 7, ஒரு 2 வந்து பாட் (நடுவே சேர்ந்த சிப்) அவர் பக்கம் போய்விடுகிறது. நூறு முறை ஆடினால் ஏறக்குறைய 12 முறை ஏஸ் ஜோடி இப்படித் தோற்றே தீரும். அந்தப் பன்னிரண்டில் ஒன்று இன்றைக்கு அமைந்துவிட்டால், சரியாகச் செய்த காரியத்தை மனசு தப்பு என்று பதிந்துகொள்ளும். 7-2 வைத்திருந்தவரோ தான் செய்தது சரி என்று பதிந்துகொள்வார். ஆடி ஆடியே தேறிவிடலாம் என்று பல ஆண்டு அதே மேசையில் உட்கார்ந்திருப்பவர்கள் தேறாமல் போவதற்கு இதுதான் முதல் காரணம். போக்கரில் முடிவு நல்ல ஆசிரியர் இல்லை.

ஆகவே பயிற்சியை மேசைக்கு வெளியே வைத்துக்கொள்ள வேண்டும். இங்கே சொல்லும் எதற்கும் பணம் வைத்து ஆடத் தேவையில்லை. கணக்கெல்லாம் நோ-லிமிட் டெக்சஸ் ஹோல்டெம், ஆறு பேர் மேசை, ஆளுக்கு 100 பிக் பிளைண்ட் (சீட்டுப் போடுமுன் ஒருவர் கட்டாயமாக வைக்கும் தொகை) என்ற அடிப்படையில். அதில் ஆளுக்கு இரண்டு சீட்டு; போர்டில் முதலில் மூன்று (ஃப்ளாப்), பிறகு ஒன்று (டர்ன்), கடைசியில் ஒன்று (ரிவர்).

தேவையானவை: முதுகு நிறம் வேறுபட்ட இரண்டு சீட்டுக்கட்டு, 60 சிப் (பொத்தான், புளியங்கொட்டை எதுவானாலும் சரி), கோடு போட்ட நோட்டு, 13-க்கு 13 கட்டம் (இரண்டு சீட்டுக் கை வகை ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம்) அச்சிட்ட தாள் இருபது, மூன்று நிறப் பேனா, டைமர். விடை சரிபார்க்க ஏதாவது ஓர் இலவச ஈக்விட்டி கால்குலேட்டர் (கை வெல்லும் சதவீதத்தைச் சொல்லும் நிரல்). பென்சில் வேண்டாம். அழிக்க முடிந்தால் கை தானாக அழித்துவிடும். பிறகு நோட்டில் தப்பே இருக்காது, பயனும் இருக்காது.

நோட்டின் ஒவ்வொரு பக்கத்திலும் மூன்று பத்தி: கணிப்பு, விடை, வித்தியாசம். கணிப்பை எழுதி முடிக்கும்வரை கால்குலேட்டரைத் தொடக்கூடாது. இந்த ஒரு விதியை மீறினால் மீதி எல்லாப் பயிற்சியும் வெறும் பொழுதுபோக்கு. விடையைப் பார்த்தபின் ‘நானும் அப்படித்தான் நினைத்தேன்’ என்று தோன்றாதவர் எவரும் இல்லை.

போர்டு படிப்பது

கட்டை நன்றாகக் கலைத்து ஐந்து சீட்டைத் திறந்து போடுங்கள். 15 விநாடிக்குள், இந்தப் போர்டில் சாத்தியமான மிக வலுவான கை எது, இரண்டாவது எது, மூன்றாவது எது என்று எழுத வேண்டும். ஒரு கட்டில் பத்து போர்டு போடலாம், இரண்டு சீட்டு மிஞ்சும். ஒரு நாளைக்கு இரண்டு சுற்று போதும்.

எளிதாகத் தெரியும். இதைப் பாருங்கள்: இஸ்பேட் கிங், ஆட்டின் ஜாக், டைமன் 10, கிளாவர் 4, இஸ்பேட் 4. பெரும்பாலோர் உடனே ‘ஏஸ்-குயின், ஸ்ட்ரெய்ட்’ (தொடர்ச்சியான ஐந்து எண்) என்று எழுதுவார்கள். அது ஏழாவது இடம். முதலிடம் கையில் 4-4, நான்கும் சேர்ந்துவிடும். அதன்பின் கிங் ஜோடி, ஜாக் ஜோடி, 10 ஜோடி. மூன்றும் ஃபுல் ஹவுஸ் (ஒரே எண் மூன்று, கூடவே ஒரு ஜோடி). பிறகு கிங்-4, ஜாக்-4, 10-4 ஆகியவையும் ஃபுல் ஹவுஸ்தான். எண்ணிப் பார்த்தால் ஏஸ்-குயினுக்கு முன்னால் ஏழு வகைக் கை நிற்கிறது. மேலே ‘ஏழாவது’ என்று படித்துத் தலையாட்டிவிட்டு வந்திருந்தால் அதுவும் இந்தப் பயிற்சியின் பாடம்தான்: சரியான இடம் எட்டாவது. சொன்னதை ஏற்காமல் விரல் விட்டு எண்ண வேண்டும்.

கண் போக வேண்டிய வரிசை இது. முதலில் போர்டில் ஜோடி இருக்கிறதா? இருந்தால் நான்கு ஒரே எண்ணும் ஃபுல் ஹவுஸும் சாத்தியம், மற்றதெல்லாம் பிறகு. அடுத்து ஒரே சூட்டில் மூன்று இருக்கிறதா? இருந்தால் ஃப்ளஷ் (ஒரே சூட்டில் ஐந்து) சாத்தியம். அடுத்து ஐந்து இடைவெளிக்குள் மூன்று எண் அடங்குகிறதா? மூன்றும் இல்லையென்றால் போர்டின் பெரிய எண்ணில் செட் (கையில் அதே எண் ஜோடி) வைத்திருப்பவரே உச்சம். தவறுவது பெரும்பாலும் இரண்டு இடங்களில். ஒன்று, ஏஸ் கீழேயும் வேலை செய்யும் என்பதை மறந்து ஏ-2-3-4-5 ஸ்ட்ரெய்ட்டைப் பார்க்காமல் விடுவது. இரண்டு, ஜோடி உள்ள போர்டில் ஃப்ளஷ்ஷைக் கண்டதும் அங்கேயே நின்றுவிடுவது.

ஃப்ளாப் மூன்று சீட்டின் தன்மையையும் இங்கேயே மனத்தில் பதித்துவிடலாம். மூன்றும் ஒரே சூட்டாக வருவது 5.2% மட்டுமே. இரண்டு ஒரே சூட், ஒன்று வேறு என்பது 55%. மூன்றும் வேறு வேறு சூட் கிட்டத்தட்ட 40%. ஜோடியோடு வருவது 17%. ‘எனக்கு மட்டும் எப்போதும் ஒரே சூட்டிலேயே வருகிறது’ என்ற புலம்பலுக்கு இந்த எண்கள் நல்ல மருந்து.

அவுட் எண்ணுவது

கையில் இரண்டு, போர்டில் மூன்று. முழுமையாகாத கையாக (டிரா) இருந்தால் அதை முழுமையாக்க உதவும் சீட்டுகளை (அவுட்) எண்ணி எழுத வேண்டும். ஏற்கெனவே முழுமையானால் கலைத்து மறுபடி போடுங்கள். ஃப்ளஷ் டிராவுக்கு 9, இருபுறம் திறந்த ஸ்ட்ரெய்ட் டிராவுக்கு 8, நடுவில் ஒன்று மட்டும் குறைந்தால் 4. இது எல்லோருக்கும் தெரியும். தடுக்கி விழுவது இரண்டும் சேரும்போதுதான்.

கையில் ஆட்டின் 9-8. ஃப்ளாப்பில் ஆட்டின் கிங், ஆட்டின் 7, கிளாவர் 6. ஃப்ளஷ்ஷுக்கு 9 சீட்டு, ஸ்ட்ரெய்ட்டுக்கு நான்கு 10-ம் நான்கு 5-ம் ஆக 8. கூட்டினால் 17 என்று எழுதுவார்கள். ஆட்டின் 10-ம் ஆட்டின் 5-ம் இரண்டு பட்டியலிலும் இருக்கின்றன. ஆகவே 15. சந்தேகம் வந்தால் மீதிக் கட்டை விரித்து அந்தச் சீட்டுகளை நிஜமாகவே பொறுக்கி எடுத்து மேசையில் அடுக்குங்கள். இரண்டு வாரம் இப்படிக் கையால் பொறுக்கினால் பிறகு கண்ணாலேயே முடியும்.

அவுட்டைச் சதவீதமாக்க ஒரு குறுக்குவழி உண்டு: இன்னும் இரண்டு சீட்டு வரவேண்டுமென்றால் 4-ஆல் பெருக்கு, ஒரே சீட்டென்றால் 2-ஆல் பெருக்கு. இதில் ஒரு கோணல் இருக்கிறது. 15 அவுட்டுக்கு நான்கால் பெருக்கினால் 60 வரும்; உண்மை 54.1. எட்டுக்கு மேல் உள்ள ஒவ்வோர் அவுட்டுக்கும் ஒன்றைக் கழித்துவிட்டால் 53, கிட்டத்தட்ட சரி. 12 அவுட்டுக்கு 48-லிருந்து 4 போக 44, உண்மை 45. ஒன்பதுக்கு 35, உண்மையும் 35.

இன்னொரு பிசகு இதைவிடச் செலவு வைக்கும். நான்கால் பெருக்கும் கணக்கு, ரிவர்வரை இனி ஒரு சிப்பும் போட வேண்டாம் என்றால்தான் பொருந்தும், அதாவது ஆல்-இன் (எல்லாச் சிப்பும் உள்ளே). டர்னில் எதிராளி மறுபடி பெட் செய்ய (சிப் போட) வாய்ப்பிருந்தால், ஃப்ளாப்பில் கால் செய்து நீங்கள் வாங்குவது ஒரே ஒரு சீட்டு. அந்த 15 அவுட்டுக்கு அப்போது 32%தான். இதை நோட்டின் முதல் பக்கத்தில் சிவப்பு மையில் எழுதிவைப்பது நல்லது.

எல்லா அவுட்டும் சுத்தமானது இல்லை என்பதையும் பழக்க வேண்டும். 8-5-2 ஃப்ளாப்பில் ஏஸ்-குயின் வைத்துக்கொண்டு ‘ஆறு அவுட்’ என்கிறோம். எதிராளியிடம் ஏஸ்-8 இருந்தால் ஏஸ் வந்தும் பயனில்லை, மூன்று குயின் மட்டும். 8-8 இருந்தால் ஒன்றுமே இல்லை. இத்தகைய ஆறை நான்காக மதிப்பிட்டு எழுதுவது நடைமுறைக்கு ஒத்துவரும்.

விலை கணக்கு

இந்தப் பயிற்சிக்குச் சிப் வேண்டும். நடுவில் 60-க்கு நிகரான சிப், எதிராளி பெட் 40-க்கு நிகரானது. கையால் தள்ளிப் பார்த்தால்தான் மனசில் ஒட்டும். கேள்வி: கால் செய்ய எத்தனை சதவீதம் வெல்ல வேண்டும்?

40-ஐ 100-ஆல் வகுத்து 40% என்று எழுதுவது வழக்கமான தப்பு. நீங்கள் போடும் 40-ம் பாட்டுக்குள் போகிறது. வென்றால் அதுவும் திரும்பி வரும். ஆகவே 40-ஐ 140-ஆல் வகுக்க வேண்டும், 28.6%. சொந்தச் சிப்பைக் கூட்ட மறந்தவர் 35% வெல்லும் கையைக்கூட ஃபோல்ட் செய்துவிடுவார் (கைவிட்டுவிடுவார்). இதே சூழலில் பெட் செய்தவர் பக்கம் போய் உட்காருங்கள். அவர் பிளஃப் செய்கிறார் (வலுவில்லாத கையோடு பெட் செய்கிறார்) என்றால், எத்தனை தடவை நீங்கள் ஃபோல்ட் செய்தால் அவருக்கு நட்டமில்லை? அங்கே 40-ஐ 100-ஆல்தான் வகுக்க வேண்டும், 40%. ஒரே பெட், ஒரே பாட், ஆனால் வகுக்கும் எண் ஆளுக்கு ஆள் மாறுகிறது. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதுதான் பாதிப் பேரின் சிக்கல். அதனால் ஒவ்வொரு கேள்விக்கும் இரண்டு விடையும் எழுத வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சில பெட் அளவுகளை வாய்ப்பாடு மாதிரி மனப்பாடமே செய்துவிடலாம். பாட்டில் மூன்றில் ஒரு பங்கு பெட்: கால் செய்பவருக்கு 20%, பிளஃப் செய்பவருக்கு 25%. பாதி: 25, 33. முக்கால்: 30, 43. முழுப் பாட்: 33, 50. இரு மடங்கு: 40, 67. சீட்டின் முதுகில் எழுதித் தினம் புரட்டினால் ஒரு வாரத்தில் ஏறிவிடும்.

அடுத்த படி கொஞ்சம் கனமானது. அதே 60 பாட், 40 பெட், இது டர்ன், கையில் இஸ்பேட் ஃப்ளஷ் டிரா மட்டும். ரிவரில் வரும் வாய்ப்பு 46-இல் 9, அதாவது 19.6%. தேவை 28.6. நேர்க்கணக்கில் ஃபோல்ட். ஆனால் ஃப்ளஷ் அமைந்தபின் எதிராளி இன்னும் கொஞ்சம் கொடுப்பாரே? எவ்வளவு கொடுக்க வேண்டும் என்பதை ஊகிக்க வேண்டாம், கணக்கிட முடியும். 37 முறை தோற்பு, 9 முறை வெற்றி, ஒன்றுக்கு 4.11. 40 சிப்புக்கு ஈடாக 164 கிடைக்க வேண்டும். இப்போது நடுவில் இருப்பது 100. குறைவது 64. ஃப்ளஷ் அமையும் ஒவ்வொரு முறையும் ரிவரில் சராசரியாக 64 சிப் பறிக்க முடிந்தால் கால், இல்லாவிட்டால் ஃபோல்ட். எதிராளியிடம் மிஞ்சியிருப்பதே 50 என்றால் யோசிக்க ஒன்றுமே இல்லை. அவரிடம் 200 இருந்தாலும், போர்டில் மூன்றாவது இஸ்பேட் விழுந்தவுடன் பின்வாங்குகிற ஆள் என்றால் அந்த 64 வராது. ‘இம்ப்ளைடு ஆட்ஸ் (பிறகு கிடைக்கப்போகும் சிப்) இருக்கிறது’ என்ற வாயசைப்பை இந்த ஒரு எண் அடக்கிவிடும்.

காம்போ

இதற்குத்தான் நாற்பது நிமிடத்தில் பாதியை ஒதுக்க வேண்டும். மற்ற பயிற்சிகளை மூன்று மாதத்தில் குறைத்துக்கொள்ளலாம். இதை விடக்கூடாது.

52 சீட்டில் இரண்டு எடுக்க 1326 வழி, ஒவ்வொன்றும் ஒரு காம்போ. ஒவ்வொரு ஜோடிக்கும் 6, ஒவ்வொரு சூட்டட் (இரண்டும் ஒரே சூட்) கைக்கும் 4, ஒவ்வோர் ஆஃப்சூட் (வேறு வேறு சூட்) கைக்கும் 12. ஏஸ்-கிங் என்றால் மொத்தம் 16. சீட்டு வெளியே தெரியத் தெரிய இந்த எண்கள் சுருங்கும். போர்டில் ஒரு 9 இருந்தால் 9-9 ஆறிலிருந்து மூன்றாகும். போர்டில் ஒரு ஏஸ் இருந்தால் ஏஸ்-கிங் 12 ஆகும். முதல் வாரம் சீட்டுகளை மேசையில் பரப்பிக் கையாலேயே ஜோடி சேர்த்து எண்ணுங்கள். சூத்திரம் பிறகு தானாக வரும்.

பிறகு முழு ஆட்டம். போர்டு வரிசையாக: இஸ்பேட் கிங், இஸ்பேட் 9, டைமன் 4; டர்ன் கிளாவர் 2; ரிவர் ஆட்டின் 7. உங்கள் கையில் ஆட்டின் கிங்-ஜாக். எதிராளி மூன்று கட்டத்திலும் பெட் செய்கிறார். ரிவரில் பாட் அளவுக்குப் போடுகிறார். கால் செய்யலாமா?

பச்சைப் பேனாவால் உங்களை வெல்லும் கைகள். கிங் ஜோடி: வெளியே இரண்டு கிங் தெரிகிறது, மீதி இரண்டில் 1 காம்போ. ஏஸ் ஜோடி 6. 9-9 மூன்று, 4-4 மூன்று. ஏஸ்-கிங்: நான்கு ஏஸ், இரண்டு கிங், 8. கிங்-குயின் அதேபோல 8. கூட்டினால் 29. கிங்-ஜாக் சமம் என்பதால் விட்டுவிடலாம். 7-7, 2-2 இந்த ஃப்ளாப்பில் பெட் செய்யாது, கிங்-9 போன்ற இரண்டு ஜோடிக் கைகளை அவர் ஃப்ளாப்புக்கு முன்பே விட்டுவிடுவார், கிங்-10 ரிவரில் செக் செய்யும் (பெட் போடாமல் விடும்) என்று வைத்துக்கொள்வோம்.

சிவப்புப் பேனாவால் பிளஃப்கள். தவறிப்போன இஸ்பேட் டிராக்கள்: ஏஸோடு குயின், ஜாக், 10, 8, 6, 5, 3 என ஏழு, குயின்-ஜாக், குயின்-10, ஜாக்-10 என மூன்று. மொத்தம் 10. (ஏஸ்-7 ரிவரில் ஜோடி பிடித்துவிட்டதால் பிளஃப்பாகப் போடாது. இப்படிப்பட்டதை நீக்க மறப்பது சாதாரணம்.)

39-இல் 10, அதாவது 25.6%. பாட் அளவு பெட்டுக்குத் தேவை 33.3. ஃபோல்ட். அவர் பாதிப் பாட் மட்டும் போட்டிருந்தால் தேவை 25, மயிரிழையில் கால். இப்போது கையில் உள்ள ஆட்டின் ஜாக்கை எடுத்துவிட்டு இஸ்பேட் ஜாக்கை வையுங்கள். கையின் வலு அணுவளவும் மாறவில்லை. ஆனால் எதிராளியின் பிளஃப்பில் ஜாக் சேர்ந்த மூன்று காம்போ காணாமல் போய்விட்டது. 36-இல் 7, 19.4%. பாதிப் பாட்டுக்கும் ஃபோல்ட். ‘பிளாக்கர்’ என்று பெரிதாகப் பேசப்படும் விஷயம் இவ்வளவுதான்; ஒரு முறை கையால் எண்ணியவருக்கு விளக்கம் தேவைப்படாது.

இந்தப் பயிற்சியில் இரண்டு கோளாறு வரும். ஆசைப்பட்டதை எழுதுவது முதலாவது: கால் செய்யத் தோன்றினால் சிவப்புப் பேனா வேகமாக ஓடும். இதற்கு மருந்து, ஒவ்வொரு காம்போவையும் முதலிலிருந்து நடத்திக் கொண்டுவருவது. அது மேசையில் அந்த இடத்திலிருந்து ஃப்ளாப்புக்கு முன் ரெய்ஸ் செய்யுமா (தொகையை ஏற்றுமா), ஃப்ளாப்பில் பெட் செய்யுமா, டர்னிலும் தொடருமா? ஒரு கட்டத்தில் ‘இல்லை’ என்றால் அடித்துவிட வேண்டும். ரிவரில் புதிதாகப் பிறக்கும் கை எதுவும் கிடையாது. இரண்டாவது கோளாறு, எதிராளி யாரென்று பாராமல் எல்லாப் பிளஃப்பையும் முழுசாக எண்ணுவது. தவறிய டிராவைச் செக் செய்து விட்டுவிடுகிற அமைதியான ஆளிடம் அந்தப் பத்து காம்போ நான்காகக்கூட இருக்கலாம். அப்போது 33-இல் 4, 12%. இந்தக் கணக்கில் முதலில் ஆட்டம் காண்பது இந்த எண்தான். ஆகவே பிளஃப் எண்ணைப் பாதியாக்கியும் ஒரு முறை விடை எழுதுங்கள். விடை மாறாவிட்டால் முடிவு உறுதியானது.

ஃப்ளாப்புக்கு முன்

மேசையில் எந்த இடத்திலிருந்து எந்தக் கையைத் திறப்பது (முதல் ரெய்ஸ் செய்வது) என்ற அட்டவணை எங்கும் கிடைக்கும். அதைப் பார்த்துக்கொண்டே இருப்பது பயிற்சி இல்லை. வெற்றுக் கட்டத்தாளில் நினைவிலிருந்து நிரப்பி, பிறகு ஒப்பிட்டு, தவறிய கட்டங்களை மட்டும் வட்டமிட வேண்டும். ஏஸ் ஜோடியையும் 7-2-ஐயும் யாரும் தவறவிடுவதில்லை. ஒவ்வோர் இடத்துக்கும் எல்லையில் நிற்கும் பத்துப் பன்னிரண்டு கைகள்தான் பிரச்சினை. அவற்றை மட்டும் தனிச் சீட்டில் எழுதிப் புரட்டினால் போதும்.

எண்ணிக்கையையும் போட்டுப் பாருங்கள். முதல் இடத்திலிருந்து (முதலில் முடிவெடுக்க வேண்டியவர்) 6-6 முதல் மேலே எல்லா ஜோடியும் 54. சூட்டட் ஏஸ் எல்லாம் 48. சூட்டட் கிங்-குயின், கிங்-ஜாக், கிங்-10: 12. சூட்டட் குயின்-ஜாக், குயின்-10, ஜாக்-10, 10-9: 16. ஆஃப்சூட் ஏஸ்-கிங், ஏஸ்-குயின், ஏஸ்-ஜாக், கிங்-குயின்: 48. மொத்தம் 178, அதாவது 13.4%. இதோடு ‘பார்க்க நன்றாகத்தானே இருக்கிறது’ என்று ஆஃப்சூட் ஏஸ்-10, கிங்-ஜாக், குயின்-ஜாக் மூன்றைச் சேர்த்தால் 36 ஏறி 16% தாண்டும். ரேஞ்ச் (ஒருவரிடம் இருக்கக்கூடிய கைகளின் தொகுப்பு) வீங்குவது எப்போதும் ஆஃப்சூட் பக்கம்தான். ஓர் ஆஃப்சூட் கை மூன்று சூட்டட் கைக்குச் சமம்.

ஈக்விட்டி ஊகம்

சிறு பயிற்சி, ஐந்து நிமிடம். இரண்டு கைகளைத் திறந்து போட்டு, எது எத்தனை சதவீதம் என்று எழுதிச் சரிபார்ப்பது. மனத்தில் நிற்க வேண்டிய தூண்கள் சில: ஏஸ் ஜோடிக்கு எதிராகக் கிங் ஜோடி 18%. குயின் ஜோடிக்கு எதிராக ஆஃப்சூட் ஏஸ்-கிங் 43. ஏஸ்-கிங்குக்கு எதிராக ஏஸ்-குயின் ஏறக்குறைய 26. வித்தியாசப் பத்தியின் சராசரி ஐந்துக்குக் கீழே வந்துவிட்டால், கைக்கு எதிராகக் கை என்பதை விட்டு, கைக்கு எதிராக ரேஞ்ச் என்று மாற்றிக்கொள்ளுங்கள். வித்தியாசம் மறுபடி பதினைந்துக்கு ஏறும். அது இயல்பு.

இரண்டு அறையில் ஒரே சீட்டு

நான்கு பேர் கிடைத்தால் செய்யக்கூடிய மிகச் சிறந்த பயிற்சி இது, ஆனால் செய்பவர்கள் குறைவு. 2017 ஜனவரியில் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தின் லிப்ரேட்டஸ் நிரல் பிட்ஸ்பர்க்கில் நான்கு தொழில்முறை ஆட்டக்காரர்களோடு 1,20,000 கை ஆடி வென்றது. அதிர்ஷ்டத்தைக் குறைக்க அங்கே ஒரு ஏற்பாடு இருந்தது: ஓர் ஆட்டக்காரருக்குக் கிடைத்த அதே சீட்டு, மற்றோர் ஆட்டக்காரருக்கு எதிராக நிரலுக்குக் கிடைக்கும். அதை வீட்டளவில் செய்ய முடியும்.

அ அணியில் இருவர், ஆ அணியில் இருவர். முதல் அறையில் அ அணிக்காரர் ஒருவரும் ஆ அணிக்காரர் ஒருவரும், இரண்டாம் அறையில் மீதி இருவரும். கலைத்த கட்டிலிருந்து ஒன்பது சீட்டு எடுக்க வேண்டும்: பட்டனுக்கு (டீலர் இடத்தில் இருப்பவர்) இரண்டு, மற்றவருக்கு இரண்டு, போர்டுக்கு ஐந்து. முகம் பார்க்காமல் உறையில் போட்டு எண்ணிடுங்கள். ஒரு கட்டிலிருந்து ஓர் உறைதான், ஆகவே இரண்டு கட்டுக்கு ஒரே நேரத்தில் இரண்டு உறை. ஒன்று முதல் அறையில் நடக்கும்போது மற்றது இரண்டாம் அறையில். பிறகு உறைகளை மாற்றிக்கொள்வது. முதல் அறையில் பட்டனில் அ அணி இருந்தால், அதே உறைக்கு இரண்டாம் அறையில் பட்டனில் ஆ அணி. ஒவ்வொரு கைக்கும் ஸ்டாக்கை (ஆளிடம் இருக்கும் சிப்பை) 100 பிக் பிளைண்டுக்குத் திரும்ப நிரப்ப வேண்டும். முந்தைய கையின் லாபத்தைத் தூக்கிக்கொண்டு போனால் ஒப்பீடு கெட்டுவிடும்.

இருபது உறை முடிந்ததும் இரண்டு அறைக் கணக்கையும் கூட்டுங்கள். இரு அறையிலும் ஒரே மாதிரி ஆடிய கைகள் ஒன்றையொன்று கழித்துப் பூச்சியமாகும். வித்தியாசம் வந்த உறைகளை மட்டும் திறந்து நால்வரும் உட்கார்ந்து பேச வேண்டும்: ஒரே சீட்டில் இவர் 12 பிக் பிளைண்ட் இழந்தார், அவர் 40 இழந்தார், எந்த முடிவில் பிரிந்தார்கள்? கெடுவது ஒரே காரணத்தால்: உறை கைமாறும்போது ‘ஐயோ அந்தக் கை!’ என்று யாராவது வாய்விடுவது. உறையைத் தூக்கிச் செல்லும் வேலையை ஆடாத ஐந்தாவது ஆள் ஒருவரிடம் கொடுத்தால் தீர்ந்தது.

ஆடிய கையைத் திருப்பிப் பார்ப்பது

ஆறு பேர் மேசையில் 100 கைக்கு 80 முதல் 100 பிக் பிளைண்ட்வரை ஏற்ற இறக்கம் இருப்பது சாதாரணம். 90 என்று கொள்வோம். 10,000 கை ஆடினாலும் 100 கைக்கு 9 பிக் பிளைண்ட் என்ற அளவு தடுமாற்றம் மிஞ்சும். உண்மையில் 3 லாபம் ஈட்டக்கூடியவருக்கு, மூன்றில் இரண்டு பங்கு வாய்ப்பில், 6 நட்டம் முதல் 12 லாபம்வரை எதுவும் காட்டும். ஆகவே ஒரு மாத வரவு செலவைப் பார்த்து ஆட்டத்தை மாற்றுவது வீண்வேலை.

ஒரு அமர்வுக்கு மூன்று கை போதும். எதை எடுப்பது? பெரிய பாட்டை எடுக்கத் தோன்றும். ஏஸ் ஜோடிக்குக் கிங் ஜோடி சிக்கிய கையில் கற்க ஒன்றும் இல்லை. முடிவெடுக்கும் நேரத்தில் தயங்கிய கையை எடுங்கள். எழுத வேண்டியவை: இருவரின் இடம், ஸ்டாக், ஒவ்வொரு கட்டத்திலும் பெட்டுக்கு முன் பாட் எவ்வளவு, பெட் எவ்வளவு, அந்த நேரத்தில் நினைத்த காரணம். பாட் அளவை எழுத மறப்பதுதான் அடிக்கடி நடப்பது, அது இல்லாமல் மேலே சொன்ன எந்தக் கணக்கும் ஓடாது. எதிராளி கடைசியில் காட்டிய கையை எழுதவே எழுதாதீர்கள், குறைந்தது முதல் பக்கத்தில். மறுநாள் எடுத்துப் பார்க்கும்போது முடிவு தெரியாதவர்போல் பச்சை, சிவப்பு காம்போ போட வேண்டும். இன்னொருவரிடம் காட்டினாலும் இதே முறைதான். ‘அவர் செட் வைத்திருந்தார்’ என்று சொல்லிவிட்டுக் கருத்துக் கேட்டால் வரும் கருத்து செல்லாது.

சால்வர் (சரியான ஆட்டத்தைக் கணக்கிட்டுக் காட்டும்) நிரல்களுக்கு இதன் பிறகுதான் வேலை. அவற்றுக்கு நீங்கள் கொடுக்கும் ரேஞ்ச் தப்பாக இருந்தால் வரும் விடை நான்கு தசமம்வரை துல்லியமாகத் தப்பாக இருக்கும். ஒரே போர்டுக்கு எதிராளி ரேஞ்சை இறுக்கியும் தளர்த்தியும் இரண்டு முறை ஓட்டுங்கள். பெட் அளவை இரண்டோடு நிறுத்துங்கள், மூன்றில் ஒரு பங்கும் முக்கால் பங்கும் போதும். ஓட்டுவதற்கு முன் நோட்டில் கணிப்பு: இந்த ஃப்ளாப்பில் மொத்த ரேஞ்சில் எத்தனை சதவீதம் பெட் செய்யும், எந்த அளவில்? பிறகே பொத்தானை அழுத்த வேண்டும்.

நான்காவது வாரக் கடைசியில் புதிய கேள்வி எதுவும் வேண்டாம். முதல் வாரப் பக்கங்களை எடுத்து, விடைப் பத்தியைத் தாளால் மறைத்து, வேறு நிறப் பேனாவால் மறுபடி கணியுங்கள். இரண்டு முறையும் தவறிய கேள்விகள் பத்துப் பதினைந்து தேறும். அவற்றைத் தனித்தனிச் சீட்டில் எழுதிக் கட்டின் மேலே ரப்பர் பேண்ட் போட்டு வையுங்கள். அடுத்த மாதம் தினமும் முதலில் எடுக்க வேண்டியது அந்தக் கட்டைத்தான்.